நாஜிகளின் பரப்புரை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜெர்மனியில் ஹிட்லரின் நாஜிக் கட்சி மக்களை எப்படித் தன் பக்கம் இழுத்தது என்ற பேச்சு எழும்போதெல்லாம் அதே சில சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைக் கீழே தொகுத்திருக்கிறோம். அடிப்படையானவை முன்னால், சிக்கலானவை பின்னால்.

எல்லாக் கட்சியும்தான் பிரச்சாரம் பண்ணுது. நாஜிகளை மட்டும் ஏன் தனியா எடுத்துப் பேசணும்?

மேடை, சுவரொட்டி, ஊர்வலம், செய்தித்தாள் ஆகிய கருவிகள் எல்லாக் கட்சிகளிடமும் இருந்தன. அவற்றில் பலவற்றை நாஜிகள் சோஷலிஸ்டுகளிடமிருந்தே எடுத்துக்கொண்டார்கள். சுவரொட்டியிலும் கொடியிலும் சிவப்பைத் தேர்ந்ததுகூட இடதுசாரிகளைச் சீண்டவும் தொழிலாளர்களின் கண்ணை இழுக்கவும்தான். ஹிட்லரே இதை எழுதி வைத்திருக்கிறார்.

நோக்கம்தான் வேறு. சாதாரணக் கட்சி அடுத்த தேர்தலில் வெல்லப் பார்க்கும். தோற்றால் எதிரியை ஆளவிட்டு மறுபடி முயலும். நாஜிப் பரப்புரை தேர்தலையே ஒழிக்கக் கிளம்பியது. எதிர்த்தரப்பைத் தவறாக நினைப்பவர்களாக அது காட்டவில்லை; நாட்டில் இருக்கவே தகாதவர்களாகக் காட்டியது. ஒரு பேச்சைக் கேட்கும்போது இந்த வேறுபாடு காதில் விழுகிறதா என்று பாருங்கள். "அவர்கள் சொல்வது தப்பு" என்பது அரசியல். "அவர்கள் இருப்பதே தப்பு" என்பது வேறு.

ஜெர்மன் மக்கள் எல்லாரும் சேர்ந்துதானே ஹிட்லருக்கு ஓட்டுப் போட்டாங்க?

இல்லை. 1928 மே தேர்தலில் கட்சிக்குக் கிடைத்தது 2.6 விழுக்காடு, 12 இடங்கள். 1930 செப்டம்பரில் 18.3 விழுக்காடும் 107 இடங்களும். 1932 ஜூலையில் 37.3 விழுக்காடு, 230 இடங்கள். நேர்மையான தேர்தலில் அவர்கள் தொட்ட உச்சம் இதுதான். நான்கே மாதத்தில், 1932 நவம்பரில், 33.1 விழுக்காட்டுக்கு இறங்கினார்கள். 1933 மார்ச்சில் ஆட்சி கையில் இருந்தது, கம்யூனிஸ்டுகள் சிறையில் இருந்தார்கள், தெருவெல்லாம் எஸ்.ஏ. என்ற பழுப்புச் சட்டைப் படை நின்றது. அப்போதும் 43.9 விழுக்காட்டைத் தாண்ட முடியவில்லை.

அதாவது, பாதிக்கு மேற்பட்ட வாக்காளர்களை இந்தப் பரப்புரை ஒருபோதும் சுதந்திரமாக வென்றதில்லை. 1933 ஜனவரி 30 அன்று ஹிட்லரைப் பிரதமராக்கியது குடியரசுத் தலைவர் ஹிண்டன்பர்க்கும் அவரைச் சுற்றியிருந்த பழமைவாதிகளும். "இவரை நாம் அடக்கி வைத்துக்கொள்ளலாம்" என்பது அவர்கள் போட்ட கணக்கு. பின்வரும் பதில்களைப் படிக்கும்போது இந்த எண்களை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

2.6-லிருந்து 37-க்கு நாலு வருஷத்துல போனதுக்குப் பரப்புரைதானே காரணம்?

1928-லும் அதே ஹிட்லர்தான், அதே பேச்சுதான், பின்னாளில் பரப்புரை அமைச்சரான கோயபல்ஸும் இருந்தார். 2.6 விழுக்காடுதான் கிடைத்தது. இடையில் மாறியது நாட்டின் நிலை. 1929 இறுதியில் அமெரிக்கப் பங்குச் சந்தை சரிந்ததும் ஜெர்மனிக்கு வந்துகொண்டிருந்த கடன் நின்றது. 1932 தொடக்கத்தில் பதிவான வேலையற்றோர் மட்டும் 60 லட்சம். அதற்கு முன்பே விளைபொருள் விலை வீழ்ந்து வடக்கில் விவசாயிகள் கடனில் மூழ்கியிருந்தார்கள். ஷ்லெஸ்விக்-ஹோல்ஷ்டைன் என்ற அந்த வடக்கு மாநிலத்தில் 1928-ல் 4 விழுக்காடு வாங்கிய கட்சி, 1932 ஜூலையில் 51 விழுக்காடு வாங்கியது.

இதில் பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. வேலை இழந்த தொழிலாளர்கள் திரளாக நாஜிகளிடம் போகவில்லை, அவர்களில் பெரும்பாலோர் கம்யூனிஸ்டுகளிடம் போனார்கள். நாஜிகளுக்குக் குவிந்தவை சிறு கடைக்காரர், விவசாயி, அரசு ஊழியர், ஓய்வூதியர் போன்றோரின் வாக்குகள். கையில் இருப்பதும் போய்விடுமோ என்று அஞ்சியவர்கள் இவர்கள். அவர்களின் பழைய நடுத்தரக் கட்சிகள் அப்போது கலைந்துகொண்டிருந்தன. கத்தோலிக்கருக்குத் தங்கள் கட்சியும் தேவாலய அமைப்புகளும் இருந்தன, தொழிற்சங்கத் தொழிலாளருக்குச் சங்கம் இருந்தது. அங்கெல்லாம் நாஜிப் பரப்புரை மோதித் திரும்பியது. சீர்திருத்தத் (புராட்டஸ்டன்ட்) திருச்சபையைச் சேர்ந்த கிராமங்களில் அப்படித் தாங்கிப் பிடிக்க ஒன்றும் இல்லை.

வெறும் 12 இடம் வச்சிருந்த கட்சிக்கு நாடு முழுக்க விளம்பரம் எப்படிக் கிடைச்சது?

மரியாதைக்குரியவர்கள் கொடுத்தார்கள். முதல் உலகப் போர் இழப்பீட்டுக்கான யங் திட்டத்தை எதிர்த்து 1929-ல் ஒரு பொதுவாக்கெடுப்பு இயக்கம் நடந்தது. அதை நடத்தியவர் தேசியவாதக் கட்சித் தலைவர் ஆல்ஃபிரட் ஹூகன்பர்க். செய்தித்தாள்களும் ஊஃபா திரைப்பட நிறுவனமும் அவர் கையில் இருந்தன. அவர் ஹிட்லரைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டார். டிசம்பர் வாக்கெடுப்பு படுதோல்வி. ஆனால் அதுவரை மூனிச் நகரத்துக் கலகக்காரராகத் தெரிந்தவர், ஹூகன்பர்க் பத்திரிகைகளின் முதல் பக்கத்தில் தேசத் தலைவர்களுக்குப் பக்கத்தில் நின்றார். அந்த இடத்தை அவரால் காசு கொடுத்து வாங்கியிருக்க முடியாது.

பெரிய முதலாளிகள் பணம் கொட்டினதாலதான் ஜெயிச்சாங்கன்னு சொல்றாங்களே?

எஃகுத் தொழிலதிபர் ஃபிரிட்ஸ் டைசன் போன்ற சிலர் முன்கூட்டியே கொடுத்தது உண்மை. ஆனால் 1933-க்கு முன் கட்சியின் வண்டி ஓடியது பெரும்பாலும் உறுப்பினர் சந்தாவிலும் கூட்டங்களுக்கு வசூலித்த நுழைவுக் கட்டணத்திலும். ஆம், ஹிட்லர் பேச்சைக் கேட்கக் காசு கொடுத்துத்தான் போக வேண்டும். இதனால் கட்சிக்கு இரட்டை லாபம்: செலவு கூட்டத்திலேயே திரும்பிவிடும், காசு கொடுத்து வந்தவர் முடியும்வரை உட்கார்ந்து கேட்பார். தொழிலதிபர்களின் பெரும்பணம் அவர் பிரதமரான பிறகு வந்தது. 1933 பிப்ரவரி 20 அன்று நாஜித் தலைவர்களில் ஒருவரான கோரிங் வீட்டில் அவர்களைக் கூட்டி வைத்து 30 லட்சம் மார்க் கேட்டார்கள்.

ஹிட்லர் ஒருத்தர் எத்தனை ஊருக்குப் போயிருக்க முடியும்? ஊர் ஊரா யார் பேசினது?

ஃபிரிட்ஸ் ரைன்ஹார்ட் என்ற மாவட்டத் தலைவர் 1928-ல் தபால்வழிப் பேச்சாளர் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். மாதந்தோறும் பாடம் வீட்டுக்கு வரும். பயிற்சி பெறுபவர் விடை எழுதி அனுப்ப வேண்டும், திருத்தி வரும். ஒரு மாதிரிப் பேச்சை மனப்பாடம் செய்ய வேண்டும். எதிராளிகள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கும் விடைகள் உண்டு. 1933 தொடக்கத்துக்குள் சுமார் 6,000 பேர் இப்படித் தயாரானார்கள். பெரும்பாலோர் அந்தந்த வட்டாரத்துக்காரர்கள், உள்ளூர்ப் பேச்சுவழக்கில் பால் விலையையும் வட்டியையும் பேசக்கூடியவர்கள்.

இவர்களைத் தூவிவிடவில்லை, குவித்தார்கள். அப்போது பரப்புரைத் துறையில் இருந்த ஹிம்லர் 1928 இறுதியில் வகுத்த திட்டப்படி, ஒரு வட்டாரத்தைத் தேர்ந்து 7 முதல் 10 நாளுக்குள் 70 முதல் 200 கூட்டங்கள் நடத்த வேண்டும். மற்றக் கட்சிகள் தேர்தல் நேரத்தில் மட்டும் வந்துபோன கிராமங்களில், தேர்தலே இல்லாத காலத்திலும் இவர்கள் இருந்தார்கள். மேடைப் பேச்சின் மயக்கத்தைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள். அதைவிட இந்தச் சலிப்பூட்டும் அமைப்பு வேலைதான் வாக்காக மாறியது என்பது எங்கள் துணிபு. 1932 ஏப்ரலில் ஹிட்லர் விமானத்தில் நகரம் நகரமாகப் பறந்து பேசியது பெரிய புதுமை. ஆனால் அவர் இறங்கும் இடத்தில் அரங்கு நிரம்பியிருந்ததற்குக் காரணம் இந்த ஆட்கள்.

விவசாயிக்கு ஒண்ணு, தொழிலாளிக்கு ஒண்ணு, முதலாளிக்கு ஒண்ணுன்னு பேசினா மாட்டிக்க மாட்டாங்களா?

தொலைக்காட்சி இல்லாத காலம். ஒரு கூட்டத்தில் பேசியது அடுத்த கூட்டத்துக்கு எளிதில் எட்டாது. 1920 பிப்ரவரியில் வெளியிட்ட 25 அம்சத் திட்டத்தின் 17-வது அம்சம், பொது நலனுக்காக இழப்பீடின்றி நிலத்தை எடுக்கலாம் என்றது. விவசாயி வாக்கு தேவைப்பட்டபோது, 1928 ஏப்ரலில் ஹிட்லர் ஒரு விளக்கம் வெளியிட்டார்: அது நிலச் சூதாடும் யூத நிறுவனங்களுக்கு மட்டும்தானாம். 1932 ஜனவரியில் டியூசல்டார்ஃப் தொழிலதிபர்கள் முன் பேசியபோது யூத வெறுப்பை அடக்கி வாசித்து, தனிச்சொத்தையும் கம்யூனிச ஆபத்தையும் பற்றிப் பேசினார். முரண்பட்ட வாக்குறுதிகளை ஒட்டியது "மக்கள் எல்லாரும் ஒரே குடும்பம்" என்ற பேச்சு. வர்க்கச் சண்டை தீரும், கட்சிச் சண்டை தீரும் என்றார்கள். எப்படி என்று கேட்டால் பதில் இருக்காது.

ஆனால் மாட்டியும் கொண்டார்கள். 1932 நவம்பர் தேர்தலுக்குச் சில நாள் முன்பு பெர்லின் போக்குவரத்துத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் நாஜிகள் கம்யூனிஸ்டுகளோடு சேர்ந்து நின்றார்கள். நடுத்தர வர்க்கத்தினர் பலர் மிரண்டார்கள். அந்தத் தேர்தலில் போன சுமார் 20 லட்சம் வாக்குகளுக்கு இதுவும் ஒரு காரணம்.

யூத வெறுப்பைக் கிளப்பித்தானே ஓட்டு வாங்கினாங்க?

கட்சியின் உள்ளத்தில் அது எப்போதும் இருந்தது. ஜூலியஸ் ஷ்ட்ரைஷர் 1923 முதல் நடத்திய 'டெர் ஷ்டூர்மர்' இதழ் அதை ஆபாசமாகக் கக்கியது. ஆனால் 1930–32 தேர்தல்களில் அதன் அளவு ஊருக்கு ஊர் மாறியது. ஏற்கெனவே வெறுப்பு ஊறிய இடத்தில் உரக்கப் பேசினார்கள், எடுபடாத இடத்தில் வேலை, விலை, கம்யூனிசம் என்று திருப்பிக்கொண்டார்கள். யூத வெறுப்புக்காகவே கட்சியில் சேர்ந்தவர்களைவிட, வேறு காரணத்துக்காகச் சேர்ந்து அதைச் சகித்துக்கொண்டவர்கள் அதிகம்.

இதை மன்னிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 1933-ல் ஜெர்மனியில் யூதர்கள் மக்கள்தொகையில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு, ஐந்து லட்சத்துக்குச் சற்று மேல். அவர்களுக்கு நேரப்போவதைத் தன் பிரச்சினையாக நினைக்காத கோடிக்கணக்கானோர் இருந்ததே கட்சிக்குப் போதுமானதாக இருந்தது. தீவிர இயக்கத்துக்கு எல்லோரும் வெறுக்க வேண்டிய தேவை இல்லை, பலர் பொருட்படுத்தாமல் இருந்தால் போதும்.

"முதுகில் குத்தினார்கள்" என்ற கதை பொய்தானே? அதை ஏன் நம்பினாங்க?

களத்தில் தோற்காத படையை உள்நாட்டுத் துரோகிகள் கவிழ்த்ததால்தான் முதல் உலகப் போரில் ஜெர்மனி தோற்றது என்ற அந்தக் கதை முழுப் பொய். 1918 செப்டம்பர் 29 அன்று உடனே போர் நிறுத்தம் வேண்டும் என்று அரசை வற்புறுத்தியது ராணுவத் தலைமை, குறிப்பாக லூடன்டோர்ஃப். அந்தத் தலைமை ஒதுங்கிக்கொண்டு, குடிமைத் தலைவர்களைக் கையெழுத்திட அனுப்பியது. ஓராண்டு கழித்து, 1919 நவம்பரில் போர்க்காலத் தளபதி ஹிண்டன்பர்க், படை முதுகில் குத்தப்பட்டது என்று நாடாளுமன்றக் குழு முன் சொன்னார். கையெழுத்திட்ட மத்தியாஸ் எர்ட்ஸ்பெர்கர் 1921 ஆகஸ்டில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

நம்பியதற்குக் காரணங்கள் உண்டு. போர் முடிந்தபோது ஜெர்மன் படை அயல்மண்ணில் நின்றது. 1918 வசந்தம்வரை வெற்றிச் செய்தியே படித்தவர்களுக்குத் தோல்வி புரியவில்லை. மகனை இழந்த வீட்டுக்கு "வீணாகச் செத்தான்" என்பதைவிடத் "துரோகத்தால் செத்தான்" என்பது தாங்கக்கூடியதாக இருந்தது. சொன்னவர் நாட்டின் மிக மதிப்புக்குரிய தளபதி. நாஜிகள் இந்தக் கதையை உருவாக்கவில்லை, கிடந்ததை எடுத்துத் துரோகி என்ற இடத்தில் யூதரை வைத்தார்கள். சுமார் ஒரு லட்சம் யூதர்கள் அதே படையில் பணியாற்றி, ஏறக்குறைய 12,000 பேர் உயிர் விட்டிருந்தார்கள். அந்த எண்ணால் கதையை அசைக்க முடியவில்லை. துக்கத்துக்கு ஆறுதலாக வந்த பொய்யை எண்ணிக்கை காட்டி விலக்குவது கடினம்.

"பொய்யைத் திரும்பத் திரும்பச் சொன்னா உண்மையாயிடும்"னு கோயபல்ஸ் சொன்னாரே?

தமிழ்நாட்டு மேடைகளில் எதிராளியைக் "கோயபல்ஸ்" என்று திட்டாத தேர்தலே இல்லை. கூடவே இந்த மேற்கோளும் வரும். அவர் அப்படிச் சொன்னதாக எந்த ஆதாரமும் இல்லை. "பெரும்பொய்" என்ற கருத்து ஹிட்லரின் 'மைன் காம்ஃப்' நூலில் வருகிறது, ஆனால் யூதர்களும் மார்க்சியர்களும் செய்வதாகக் குற்றம் சாட்டும் இடத்தில். தான் செய்வதை எதிரி மேல் ஏற்றுவதும் அவர்களின் வழக்கமான உத்திதான்.

கோயபல்ஸின் உண்மையான வழக்கம் இன்னும் ஆபத்தானது. சரிபார்க்கக்கூடிய விவரங்களில் முடிந்தவரை உண்மையைச் சொல்ல வேண்டும், பொய்யை விளக்கத்திலும் தேர்விலும் வைக்க வேண்டும் என்பது அவர் அணுகுமுறை. எண் சரியாக இருக்கும், அதற்குச் சொல்லும் காரணம் பொய்யாக இருக்கும். இன்று ஒரு செய்தியைச் சரிபார்ப்பவர்கள் எண் சரி என்றதும் நிறுத்திவிடக் கூடாது என்பது இதனால்தான்.

அடிதடியில இறங்கினா மக்கள் வெறுக்கத்தானே செய்வாங்க?

1926 நவம்பரில் பெர்லினுக்கு வந்த கோயபல்ஸின் கையில் இருந்தது சண்டை போடும் ஒரு சிறு குழு. 1927 பிப்ரவரியில் கம்யூனிஸ்டுகளின் கோட்டையான வெட்டிங் பகுதியில், அவர்கள் வழக்கமாகக் கூடும் அரங்கிலேயே கூட்டம் போட்டார். எதிர்பார்த்தபடி அடிதடி. மறுநாள் பெர்லின் பத்திரிகைகள் கட்சியின் பெயரைப் பரப்பின. அரசு மே மாதம் பெர்லின் கிளையைத் தடை செய்தபோது, ஜூலையில் 'டெர் அங்கிரிஃப்' என்ற இதழைத் தொடங்கினார். பெர்லின் காவல்துறைத் துணைத் தலைவர் பெர்ன்ஹார்ட் வைஸ் யூதர். அவருக்கு "இசிடோர்" என்று பட்டப்பெயர் சூட்டிக் கேலிச்சித்திரம் போட்டார்கள். வைஸ் வழக்கு மேல் வழக்குப் போட்டு வென்றார். ஒவ்வொரு வழக்கும் பட்டப்பெயரை இன்னும் பலரிடம் கொண்டு சேர்த்தது. 1928-ல் நாடாளுமன்ற உறுப்பினரானதும் கோயபல்ஸுக்குச் சட்டப் பாதுகாப்பும் கிடைத்தது.

அடிதடியில் செத்தவரும் பயன்பட்டார். எஸ்.ஏ. படையின் ஹோர்ஸ்ட் வெஸ்ஸலை 1930 ஜனவரியில் கம்யூனிஸ்டுகள் சுட்டார்கள். பின்னணியில் வீட்டுக்காரியோடு வாடகைத் தகராறும் இருந்தது. பிப்ரவரி 23-ல் அவர் இறந்ததும் கோயபல்ஸ் அவரைத் தியாகியாக்கினார், அவர் எழுதிய பாட்டு கட்சிப் பாட்டானது. தெருவில் கலவரத்தை வளர்த்துவிட்டு, ஒழுங்கைக் கொண்டுவரத் தாங்கள் மட்டுமே முடியும் என்று சொன்னதில் இருந்த முரணை அஞ்சிய வாக்காளர் பலர் கவனிக்கவில்லை.

எதிர்க்கட்சிகள் என்ன, சும்மாவா இருந்தாங்க?

சமூக ஜனநாயகவாதிகள் நீண்ட காலம் புள்ளிவிவரத் துண்டறிக்கைகளை நம்பினார்கள். 1931 டிசம்பரில் தொழிற்சங்கங்களோடு சேர்ந்து இரும்பு முன்னணி என்ற நாஜி எதிர்ப்பு அமைப்பைத் தொடங்கினார்கள். பாவ்லோவிடம் பயின்ற ரஷ்ய உடலியல் அறிஞர் செர்கேய் சகோடின், கார்லோ மியரண்டார்ஃபோடு சேர்ந்து மூன்று அம்புச் சின்னத்தைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். சுவரில் வரைந்த நாஜிச் சுவஸ்திகா மேலேயே மூன்று கோடு இழுத்தால் போதும், அது அடித்துவிட்டதாகத் தெரியும். நல்ல யோசனை, ஆனால் தாமதம், கட்சித் தலைமையிலும் பலருக்குத் தயக்கம். 1932 ஜூலை 20 அன்று பிரதமர் பாப்பன் பிரஷ்ய மாநில அரசைக் கலைத்தபோது அவர்கள் நீதிமன்றத்துக்குப் போனார்கள், தெருவுக்கு வரவில்லை. கம்யூனிஸ்டுகளோ அவர்களைச் "சமூகப் பாசிஸ்டுகள்" என்று திட்டிக்கொண்டிருந்தார்கள்.

ரேடியோவாலதான் ஹிட்லர் வளர்ந்தார்னு படிச்சிருக்கேனே?

காலத்தை மாற்றிப் போடுகிறார்கள். 1932 கோடைவரை அரசு வானொலி நாஜிகளுக்குப் பெரும்பாலும் மூடியே இருந்தது. வானொலியில் ஹிட்லரின் முதல் பேச்சு 1933 பிப்ரவரி 1 அன்று, பிரதமரான பிறகு. வானொலி நன்றாக எட்டிய பகுதிகளில் 1933-க்கு முன் கட்சியின் வளர்ச்சி மட்டுப்பட்டதையும், வானொலி கைமாறியதும் விளைவு தலைகீழானதையும் பொருளியல் ஆய்வாளர்கள் கணக்கிட்டுக் காட்டியிருக்கிறார்கள். அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது: வெறுப்பு நெடுங்காலமாக இருந்த ஊர்களில் வானொலி அதைக் கூட்டியது, இல்லாத ஊர்களில் எதிர்விளைவைத் தந்தது.

ஆட்சிக்கு வந்தப்புறம் என்ன மாறிச்சு?

பதில் சொல்ல ஆளில்லாமல் போனது. 1933 பிப்ரவரி 28-ன் அவசர ஆணை பத்திரிகை, கூட்டம் ஆகியவற்றின் உரிமைகளைப் பறித்தது. மார்ச் 13-ல் பரப்புரை அமைச்சகம் வந்தது. அக்டோபர் 4-ன் ஆசிரியர் சட்டம் யூதர்களைப் பத்திரிகைத் தொழிலிலிருந்து வெளியேற்றியது. எதை எழுத வேண்டும், எந்தச் சொல்லைத் தவிர்க்க வேண்டும் என்று பெர்லினில் தினமும் அறிவுறுத்தல் கொடுத்தார்கள். பரிசும் அடியும் அடுத்தடுத்து வந்தன: 1933-ல் மே தினத்தைச் சம்பளத்துடன் விடுமுறையாக்கிக் கொண்டாடினார்கள். மறுநாள் மே 2, தொழிற்சங்க அலுவலகங்களைக் கைப்பற்றித் தலைவர்களைச் சிறையில் அடைத்தார்கள்.

அந்த ஆகஸ்டில் 76 மார்க்குக்கு மக்கள் வானொலிப் பெட்டி வந்தது. அதன் மாதிரி எண்ணான 301, ஹிட்லர் பதவியேற்ற ஜனவரி 30-ஐக் குறித்தது. 1938-ல் 35 மார்க்குக்குச் சிறு பெட்டி. இந்தப் பெட்டிகளில் வெளிநாட்டு நிலையம் கேட்காது என்பது தவறான நம்பிக்கை, பல இடங்களில் இரவில் லண்டன் கேட்டது. அதனால்தான் 1939 செப்டம்பரில் அதைக் கேட்பதையே குற்றமாக்கி, பெட்டியில் எச்சரிக்கை அட்டை மாட்ட வைத்தார்கள்.

அவ்வளவு கட்டுப்பாடு இருந்தும் எங்கேயாவது தோத்தாங்களா?

பல இடங்களில். 1933 ஏப்ரல் 1 அன்று யூதக் கடைப் புறக்கணிப்புக்கு மக்கள் உற்சாகம் காட்டவில்லை, ஒரே நாளில் முடித்துக்கொண்டார்கள். 1940-ல் வந்த 'நித்திய யூதன்' என்ற ஆவணப்படம் அருவருப்பூட்டியதால் அரங்கு காற்று வாங்கியது. அதே ஆண்டு காதலும் துரோகமும் கலந்து கதையாக எடுத்த 'யூத் சூஸ்' படத்தைச் சுமார் இரண்டு கோடிப் பேர் பார்த்தார்கள். 1941-ல் பவேரியப் பள்ளிகளிலிருந்து சிலுவையை அகற்றச் சொன்னபோது தாய்மார்கள் எதிர்த்தார்கள், ஆணை திரும்பப் பெறப்பட்டது. மாற்றுத்திறனாளிகளைக் கொல்வதை ஆயர் ஃபான் காலன் அதே ஆண்டு ஆகஸ்டில் பிரசங்க மேடையிலிருந்தே கண்டித்தார். அந்த மாதமே விஷவாயுக் கொலைத் திட்டத்தை அதிகாரப்பூர்வமாக நிறுத்தினார்கள், மறைவில் வேறு வழிகளில் தொடர்ந்தார்கள்.

பெரிய தோல்வி போர்ச் செய்தியில். சோவியத் ஒன்றியத்தோடு நடந்த கிழக்குப் போர் முடிந்த மாதிரிதான் என்று 1941 அக்டோபர் 9 அன்று அரசின் பத்திரிகைத் தலைவர் அறிவித்தார். ஸ்டாலின்கிராட் கைக்கு வந்துவிட்டது என்று 1942 நவம்பரில் ஹிட்லரே சொன்னார். 1943 பிப்ரவரியில் அங்கே படை சரணடைந்தது. எண் விஷயத்தில் கோயபல்ஸ் ஏன் எச்சரிக்கையாக இருந்தார் என்பது இப்போது விளங்கும்.

யூதர்களைக் கொல்றதை மக்களுக்குத் தெரியாம மறைச்சாங்கன்னு சொல்றாங்களே, அது உண்மையா?

விவரத்தை மறைத்தார்கள். ஆவணங்களில் கொலைக்குச் "சிறப்பு நடவடிக்கை" என்று பெயர். 1944 ஜூனில் டெரேசியன்ஷ்டாட் முகாமை அழகுபடுத்திச் செஞ்சிலுவைச் சங்கத்தாருக்குக் காட்டினார்கள். ஆனால் நோக்கத்தை மறைக்கவில்லை. உலகப் போர் வந்தால் ஐரோப்பிய யூத இனம் அழியும் என்று 1939 ஜனவரி 30 அன்று ஹிட்லர் நாடாளுமன்றத்தில் வெளிப்படையாகப் பேசினார், அது ஒலிபரப்பானது. அந்தச் சொல் நிறைவேறி வருகிறது என்று 1941 நவம்பரில் கோயபல்ஸ் வார இதழில் எழுதினார். அரைகுறையாகத் தெரிய வைத்ததும் கணக்கோடுதான்: தெரிந்தும் பேசாதவர் உடந்தை ஆகிறார், உடந்தையானவர் பின்வாங்கத் தயங்குவார்.

பேசினதுக்கும் எழுதினதுக்கும் ஒருத்தரைத் தண்டிக்கலாமா? கொன்னவன் வேற ஆளாச்சே?

போருக்குப் பின் நாஜித் தலைவர்களை விசாரித்த நியூரம்பர்க் நீதிமன்றம் இதில் இரண்டு விதமாகத் தீர்ப்பளித்தது. ஷ்ட்ரைஷர் யாரையும் கொல்ல ஆணையிடவில்லை. ஆனால் கிழக்கில் படுகொலை நடப்பது தெரிந்தபின்னும் ஒழிக்கச் சொல்லி எழுதிக்கொண்டே இருந்தார். 1946 அக்டோபர் 16 அன்று தூக்கிலிடப்பட்டார். பரப்புரை அமைச்சகத்தின் வானொலிப் பிரிவுத் தலைவர் ஹான்ஸ் ஃபிரிட்ஷே விடுதலையானார். கொடுமையைத் தூண்டும் நோக்கம் அவர் பேச்சுகளில் நிறுவப்படவில்லை என்றது நீதிமன்றம்.

அடுத்த பெரிய தீர்ப்பு ருவாண்டாவைப் பற்றியது. அங்கே 1993 ஜூலையில் தொடங்கிய ஆர்.டி.எல்.எம். வானொலி, துட்சி மக்களைக் கரப்பான்பூச்சி என்று பழித்தது. 1994 ஏப்ரலில் படுகொலை தொடங்கியபின் ஆட்களின் பெயரையும் மறைவிடங்களையும் ஒலிபரப்பியது. 2003 டிசம்பரில் ஐ.நா. தீர்ப்பாயம் நகிமானா, பரயக்விசா ஆகிய அதன் நிறுவனர்களில் இருவரையும், 'கங்குரா' இதழாசிரியர் ங்கேஸேயையும் குற்றவாளிகள் என்றது. 2007 மேல்முறையீட்டில் சில குற்றச்சாட்டுகள் நீங்கித் தண்டனை 30 முதல் 35 ஆண்டுகளாகக் குறைந்தது. படுகொலை தொடங்குமுன் அந்த வானொலி பேசிய வெறுப்பையும் தொடங்கியபின் ஒலிபரப்பிய அழைப்பையும் மேல்முறையீட்டு நீதிபதிகள் பிரித்துப் பார்த்தார்கள். முன்னதைத் தனியே இனப்படுகொலைத் தூண்டல் என்று தண்டிக்க அவர்கள் உடன்படவில்லை. சட்டம் இன்றும் ஏறத்தாழ அந்த இடத்தில்தான் நிற்கிறது.